தொழில் திருப்தியும் பொருளியல் ஆய்வும்

ஒரு பொருளின் விலை கூடினால் அதன் நிரம்பலும் கூடும் என்பது நிரம்பல் விதி. ஊழியத்தின் விலை கூலி. எனவே கூலி கூடினால் வேலைக்கு வருவோரும் கூட வேண்டும்.

இனிப் பதுளை மாவட்டத்தைப் பாருங்கள். 2019 கூட்டு ஒப்பந்தத்தின்படி தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. 2021 மார்ச்சில், சம்பள நிர்ணய சபையின் தீர்மானப்படி நாட்சம்பளம் 1,000 ரூபாவானது. 2024 செப்டெம்பரில் 1,350 ரூபா. ஆனாலும் பசறை, ஹாலி-எல, அப்புத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொழுந்து பறிக்க ஆள் போதவில்லை. சாதாரண தரம் எழுதியவர்கள் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போகிறார்கள். ஏன்?

“விலைவாசி ஏறியதால் மெய்க்கூலி உயரவில்லை” என்று எழுதினால் ஓரளவு புள்ளி கிடைக்கும். 2022 இல் விலைகள் ஏறிய வேகம் உங்களுக்கு நினைவிருக்கும். ஆனால் கொழும்பில் வேலை செய்பவரும் அதே ஏறிய விலைக்குத்தான் அரிசி வாங்குகிறார். அறை வாடகை வேறு கொடுக்கிறார். ஆகவே கூலியை மட்டும் பார்த்து இதை விளக்க முடியாது. தொழில் பற்றிய மனப்பாங்கையும் பார்க்க வேண்டும்.

தொழில் திருப்தி என்பது, ஒருவர் தமது தொழிலின் சம்பளம், பாதுகாப்பு, மேலுள்ளவர்கள் நடத்தும் விதம், முன்னேறும் வழி ஆகியவற்றைத் தமது எதிர்பார்ப்புடன் ஒப்பிட்டு அடையும் மனநிறைவாகும். “எதிர்பார்ப்புடன் ஒப்பிட்டு” என்ற பகுதியை மாணவர் பலர் விட்டுவிடுகின்றனர். பாடத்தின் உயிர் அதில்தான் உள்ளது.

மனதை அளக்க முடியாது எனப் பொருளியலாளர் நெடுங்காலம் தயங்கினர். 1978 இல் அமெரிக்கப் பொருளியலாளர் றிச்சர்ட் ஃபிரீமன், திருப்தியில்லை என்று கூறியவர்களே பின்னர் கூடுதலாக வேலையை விட்டு விலகியதைக் காட்டினார். எனவே அந்தப் பதில் வெறும் பேச்சல்ல. தொழிற்சங்கத்தில் உள்ளவர்கள் குறைகளைக் கூடுதலாகச் சொல்கின்றனர், ஆனால் குறைவாகவே விலகுகின்றனர் என்பதையும் அவர் கண்டார். குறை சொல்ல ஒரு வழியிருந்தால், போய்விடுவது ஒன்றே வழியாக இராது.

நமது நாட்டிலும் இது புதிதல்ல. 1971 இல் டட்லி சியர்ஸ் தலைமையிலான சர்வதேச தொழில் தாபனக் குழு, படித்த இளைஞரின் வேலையின்மை பற்றி அறிக்கையிட்டது. அவர்கள் எதிர்பார்த்த வேலைக்கும் கிடைத்த வேலைக்கும் இடையிலான பொருத்தமின்மையை அது எடுத்துக் காட்டியது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 1990 முதல் தொழிற்படை அளவீட்டை நடத்துகின்றது. கொழுந்து பறிக்க விரும்பாது வேறு வேலை தேடுபவர் அதில் வேலையற்றவராகவே பதியப்படலாம். அவருடைய காரணம் அந்த எண்ணிக்கையில் தெரியாது.

ஒரு தாயும் மகளும் ஒரே மலையில் கொழுந்து பறிக்கின்றனர் எனக் கொள்வோம். கூலி ஒன்றே. “திருப்திதானா?” என்றால் தாய் “ஆம்” என்கிறார், மகள் “இல்லை” என்கிறாள். தாய் தம் இளமைக் காலத்துடன் ஒப்பிடுகிறார். மகள் தன்னுடன் படித்தவளின் வேலையுடன் ஒப்பிடுகிறாள். 1997 இல் அன்ட்ரூ கிளார்க் பிரித்தானியாவில் இதற்கு ஒப்பானதைக் கண்டார். குறைந்த ஊதியம் பெற்றும் பெண்கள் ஆண்களைவிடத் திருப்தி என்றனர். எதிர்பார்ப்புக் குறைவே அதற்குக் காரணம் என்றார் அவர். இளம் பெண்களிடமும் உயர்கல்வி பெற்ற பெண்களிடமும் அந்த வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே தாயின் “ஆம்” என்பதை வைத்து வேலை நல்லது என்று முடிவு செய்யக்கூடாது.

வேலையில் நிலைத்திருப்பதும் திருப்திக்குச் சான்றல்ல. வேலையை விட்டால் லயன் வீடும் போய்விடுமோ என்ற அச்சத்தில் பிரட்டுக்குப் போகிறவர்களும் உண்டு.

கேட்கும் இடமும் முக்கியம். நிறுவையிடத்தில், கணக்கப்பிள்ளை அருகில் நிற்கும்போது கேட்டால் எல்லோரும் திருப்தி என்றே சொல்வார்கள். அந்தி நேரத்தில் வீட்டு வாசலில் கேட்டுப் பாருங்கள்.

பயிற்சி

1. கூலி உயர்ந்தும் தோட்டங்களில் ஊழிய நிரம்பல் உயராமைக்குக் கூலி சாராத இரு காரணங்களை விளக்குக.

2. உமது அயலில் தோட்ட வேலையில் இருப்பவர் ஐவரிடமும் அதை விட்டவர் ஐவரிடமும் கேட்பதற்கு நான்கு வினாக்களைத் தயாரிக்குக. (குறிப்பு: “திருப்தியா?” என்பதுடன் நிறுத்தாது, “உங்கள் பிள்ளை இந்த வேலைக்கு வர விரும்புவீர்களா?” என்பதையும் சேர்க்குக. இரண்டு விடைகளும் முரண்பட்டால் அதற்கான காரணத்தை எழுதுக.)