மூச்சுக்கு ஒரு பத்தாயம்

தம்பி,

நீ டைவிங் கார்டு வாங்கிவிட்டாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். அதே மூச்சில், "சிலிண்டர் ஒண்ணை வீட்டுக்கே தூக்கிட்டு வந்துட்டான், பாத்தாலே பயமா இருக்கு" என்றாள். இந்தக் கடிதத்தை எழுத வைத்தது அந்த இரண்டாவது சேதிதான். நாகப்பட்டினத்துக்கும் காரைக்காலுக்கும் நடுவே, விசைப்படகு விசிறியில் சுற்றிய வலையை அறுக்கவும் கப்பலடி சுரண்டவும் இருபத்தெட்டு வருஷம் இறங்கியவன் நான். கடலுக்குள் செய்த தப்பைக் கடலே அப்போதைக்கப்போது தட்டிக் கேட்டுவிட்டது. வீட்டில் செய்த தப்புகளைத்தான் கேட்க ஆளில்லாமல் போயிற்று. அவற்றைச் சொல்கிறேன்.

1. முதலில் அதற்குப் பயப்படு. பழக்கம் பிறகு வரட்டும். பஞ்சர் கடையில் கார் சக்கரத்துக்கு "முப்பது வை" என்கிறோமே, அதே கணக்கில் உன் சிலிண்டருக்குள் இருப்பது 3000. ஒரு குடம் தண்ணீர் பிடிக்கிற 11 லிட்டர் இடத்தில் 2200 லிட்டர் காற்றைத் திணித்து வைத்திருக்கிறது. அடுப்படி கேஸ் சிலிண்டரின் அழுத்தம் இதன் கால்தூசிக்குக் காணாது. நான் புதிதில் ஊரார் பார்க்கட்டும் என்று திண்ணையில் சும்மா கிடத்தி வைத்தேன். தெருப் பிள்ளை ஒன்று அதைக் குதிரையாக்கி ஏறி ஆட, உருண்டு போய் வாசல் கருங்கல் படியில் வால்வு மோதியது. ஒன்றும் ஆகவில்லை. அந்த 'ணங்' மட்டும் இன்னும் காதில் இருக்கிறது. பிள்ளையை அடிக்கக் கை ஓங்கினேன். என் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு, "பாம்பைத் திண்ணையில விட்டவன் நீ, புள்ளைய ஏண்டா அடிக்கிறே?" என்றார்.

2. அதற்கு உள்ளதை உள்ளபடி பேர் சொல். இதை நான் கற்றுக்கொண்டது 2021 மே மாதத்தில், ராத்திரி ஒரு மணிக்கு. பக்கத்துத் தெருக்காரர் கதவைத் தட்டினார். அவர் அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது, ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைப்பதே பெரும்பாடாக இருந்த நாட்கள் அவை. "அண்ணே, உங்ககிட்ட ஆக்சிஜன் இருக்காமே?" என்றார். என்னிடம் இருந்தது வெறும் காற்று, தம்பி. நூற்றில் 21 பங்குதான் ஆக்சிஜன்; அந்த அம்மா படுத்திருந்த அறையில் மின்விசிறி சுற்றிவிட்ட காற்றும் அதேதான். அதைச் சொன்னேன், அவர் நம்பவில்லை. எப்படி நம்புவார்? ஊரே அதை 'ஆக்சிஜன் சிலிண்டர்' என்று சொன்னபோது பத்து வருஷமாக நான் திருத்தவில்லையே. அப்படிச் சொன்னால் கொஞ்சம் பெரிய மனுஷனாகத் தெரிந்தேன், அதனால் விட்டுவிட்டேன். அரை மணி நேரம் விளக்கிக்கொண்டு நின்றோம். அந்த அரை மணி நேரம் அவர்களுடையது. பிறகு ஆட்டோ பிடித்து ஏற்றினோம், அந்த அம்மா பிழைத்தும் வந்தார். ஆனாலும் 'வச்சுக்கிட்டே இல்லேன்னுட்டார்' என்கிற பார்வை அவர் மகன் கண்ணிலிருந்து போக ஒரு வருஷம் ஆயிற்று. சிலிண்டர் மேல் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டு: காற்று, ஆக்சிஜன் இல்லை. அந்தத் தாளுக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது.

3. நம் பக்கத்து வீடுகளில் காலியாகக் கிடப்பது உர அறைதான். அங்கே மட்டும் வைக்காதே. யூரியா ஈரத்தை இழுக்கும். பொட்டாஷும் ஒருவகை உப்புதான், உலோகத்தைத் தின்னும். பூச்சிமருந்தும் பம்புசெட்டுக்கு வாங்கிய டீசலும் பக்கத்தில் இருக்கக் கூடாது. அடுப்படி வேண்டாம், வெயில் விழும் முற்றத்து ஓரமும் வேண்டாம். நிறைந்த சிலிண்டர் ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் முக்கால் பார் அளவுக்கு ஏறும். ரேழியை ஒட்டிய உள்ளறையில், பத்தாயத்துக்குப் பக்கத்தில் நிற்க வை. சிமெண்டுத் தரை மழைக்காலத்தில் வேர்க்கும், அடியில் ஒரு பலகை போடு. தூணோடு சேர்த்துக் கட்டு.

4. கடலிலிருந்து வந்ததும் முதல் குளியல் அதற்கு, அப்புறம் உனக்கு. அடியில் மாட்டியிருக்கும் ரப்பர் குல்லாவைக் கழற்றிக் கழுவ வேண்டும். நான் மூன்று வருஷம் கழற்றாமலே மேலே மட்டும் தண்ணீர் ஊற்றினேன். கழற்றிப் பார்த்த அன்று அடிப்பக்கம் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக இருந்தது. பார்வைக்குத் தெரிகிற இடத்தை மட்டும் சுத்தம் செய்கிற புத்தி எனக்கு வேறு காரியங்களிலும் இருந்தது என்பதை உன் பெரியம்மா சொல்வாள்.

5. ஐப்பசி பிறந்தால் நம் கரையில் கடல் கலங்கிவிடும். மார்கழி வரை இறங்க விடாது. ஆக, சிலிண்டர் வீட்டில் சும்மா கிடக்கும் காலமும் வீடே ஊறிக்கிடக்கும் காலமும் ஒன்றுதான். நெல் ஈரத்தோடு பத்தாயத்துக்குள் போனால் என்ன ஆகும் என்று உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காற்றும் அப்படித்தான். மூன்று மாசம் தொடப்போவதில்லை என்றால், வெட்டவெளியில் வைத்து வால்வை மெதுவாகத் திறந்து இறக்கு. அவசரப்பட்டால் வால்வு குளிர்ந்து பனி பூக்கும், உள்ளேயும் ஈரம் கட்டும். அதற்காக ஒட்டத் துடைத்துவிடாதே. 20 பார் அளவுக்கு விதைநெல் மாதிரி விட்டுவை. உள்ளே கொஞ்சம் காற்று தள்ளிக்கொண்டிருந்தால் வெளி ஈரம் நுழையாது.

என்னிடம் பழைய ஸ்டீல் சிலிண்டர் ஒன்று இருந்தது. கட்டிலுக்கடியில் படுக்கப் போட்டு மூன்று வருஷம் மறந்தேன். ஒருநாள் எடுத்து கேஜ் மாட்டினால் முள் நிறைவாகக் காட்டுகிறது. 'பரவாயில்லையே' என்று வால்வைத் திறந்து முகர்ந்தேன். ரொம்ப நாள் இறைக்காத அடிபம்பின் முதல் தண்ணீர் வாடை. அந்த வாடைதான் என்னைக் காப்பாற்றியது. இரும்பு துருப்பிடிக்க ஆக்சிஜன் வேண்டும். மூடிய சிலிண்டருக்குள் அது வேறு எங்கே போய்த் தேடும்? உள்ளே இருந்த காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். முள் கொஞ்சம்தான் குறையும், மூச்சு இழுத்தாலும் வித்தியாசம் தெரியாது, மயக்கம்தான் முதல் சேதி. சோதனைக்காரர் அதைக் கவிழ்த்தபோது டம்ளர் அளவுக்குச் செந்தண்ணீரும் கைப்பிடித் துருவும் கொட்டின. படுத்த வாக்கிலேயே, வாய்க்கால் கரையில் வெள்ளம் வடிந்த கோடு மாதிரி நீளத்துக்கு ஒரு துருக்கோடு. நிற்க வைத்திருந்தால் தண்ணீர் அடியில் தங்கியிருக்கும். அங்கே உலோகம் தடிமன். உன்னுடையது அலுமினியம், இந்த அளவுக்குப் போகாது. ஆனால் மறதி உனக்கும் எனக்கும் ஒரே குடும்பச் சொத்து.

6. இரவல் கொடுக்காதே. கிணறு தூர்வார, மோட்டார் எடுக்க என்று கேட்டு வருவார்கள். "வேணும்னா நான் வந்து பார்க்கிறேன், இதைத் தரமாட்டேன்" என்று சொல்லக் கற்றுக்கொள். பகை வந்தால் வரட்டும்.

7. காற்று நிரப்பப் புதுச்சேரி போய்வர ஒரு நாள் போய்விடும் என்று அலுத்துக்கொள்வாய். எனக்கும் அலுத்தது. அதற்காகக் கண்ட கம்ப்ரசரில் அடைக்காதே. எஞ்சின் புகையும் எண்ணெய் ஆவியும் உள்ளே போய்விடும். பூம்புகாருக்கு எதிரே 23 மீட்டர் ஆழத்தில் குதிரை லாட வடிவத்தில் ஒரு கட்டுமானத்தைக் கோவாவின் தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் இறங்கிப் பார்த்தார்களே, உனக்கும் அங்கே போகத்தான் ஆசை என்று தெரியும். அந்த ஆழத்தில் அழுத்தம் மூன்று மடங்குக்கு மேல். கரையில் தலைவலி தருகிற புகை அங்கே நினைவைப் பிடுங்கிவிடும்.

வருஷத்துக்கு ஒருமுறை வால்வைக் கழற்றி உள்ளே விளக்கு விட்டுப் பார்க்கச் சொல். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட். தண்ணீர் நிரப்பி அழுத்திச் சிலிண்டர் எவ்வளவு விரிகிறது என்று அளப்பார்கள். நாக்பூரில் தலைமையகம் உள்ள பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் அங்கீகாரம் பெற்ற நிலையத்தில்தான் செய்ய வேண்டும். தேதியைக் கழுத்தில் குத்தித் தருவார்கள். தேறாது என்று சொன்னால் வாதாடாதே. நான் வாதாடினேன், 'நல்லாத்தானே இருக்கு' என்று. சோதனைக்காரர் பதில் பேசாமல் விளக்கை என் கையில் கொடுத்து, எட்டிப் பார்க்கச் சொன்னார். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வை, பொருந்தும். அழகுக்காக அடுப்பில் சுட்டு பெயின்ட் அடிக்கிற பட்டறைக்கு மட்டும் கொண்டுபோகாதே. அந்தச் சூட்டில் அலுமினியம் தன் பலத்தை இழந்துவிடும்.

8. உன் அம்மாவை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல். வால்வு எது, எந்தப் பக்கம் திருகினால் மூடும், தீ என்றால் 101 அடித்து முதலில் எதைச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். நீ வெளியூர் போன நாளில் அதோடு வீட்டில் இருக்கப்போவது அவள்தான். "ஒண்ணும் ஆகாதும்மா" என்று நீ சொல்லிவிட்டுப் போனதாகச் சொன்னாள். என் அம்மாவிடம் நானும் அதையேதான் சொன்னேன்.

இப்போதைக்கு நைலான் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறாயாம். அது தளர்ந்துவிடும், அவிழ்த்துப் போடு. ஞாயிற்றுக்கிழமை திருவையாறு வருகிறேன், கொக்கி வைத்த பட்டை இரண்டு கைவசம் இருக்கிறது. சிலிண்டர் சுற்றளவு 58 சென்டிமீட்டர் வரும். தூணின் சுற்றளவை மட்டும் அளந்து போனில் சொல்.