புவியியல் பாடம்: ஐந்து நம்பிக்கைகளும் உண்மைகளும்

பத்தாம் வகுப்பு நெருங்கினால், பல பள்ளிகளில் புவியியல் பீரியடை முதலில் எடுத்துக்கொள்வது கணக்குப் பாடம்தான். பிளஸ் ஒன்னில் புவியியல் எடுக்கிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால், "ஏன், மார்க் வரலையா?" என்று கேட்காத உறவினர் குறைவு. இந்த அலட்சியத்துக்கு அடியில் சில நம்பிக்கைகள் வேரோடியிருக்கின்றன.

நம்பிக்கை 1: புவியியல் வெறும் மனப்பாடம்.

உண்மை: ஆறுகளின் பெயரும் தலைநகரங்களின் பெயரும் இந்தப் பாடத்துக்கு அரிச்சுவடி மாதிரி. பாடம் தொடங்குவதே "ஏன் இங்கே?" என்ற கேள்வியில்தான். கோவை மாவட்டத்து மலைமேல் இருக்கும் சின்னக்கல்லாற்றில் ஆண்டுக்கு 3,000 மி.மீ.க்கு மேல் மழை கொட்டுகிறது. அதே மாவட்டத்தின் கோவை நகரில் அதில் கால்வாசிகூடப் பெய்வதில்லை. தென்மேற்குக் காற்று மலையில் ஏறிக் குளிர்ந்து, ஈரத்தை அங்கேயே இறக்கிவிட்டு, கோவைப் பக்கம் வறண்டு வருகிறது. இதைப் புரிந்துகொண்ட மாணவருக்கு மழை மறைவுப் பகுதி என்பதை நெட்டுரு போட வேண்டியதில்லை.

நம்பிக்கை 2: கைபேசியில் மேப் இருக்கும்போது வரைபடம் படிக்க எதற்குக் கற்க வேண்டும்?

உண்மை: கைபேசி போகும் வழியைச் சொல்லும். போய்ச் சேரும் நிலம் எப்படிப்பட்டது என்பதை நாம்தான் படிக்க வேண்டும். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவைத் தாளில் நீருள்ள ஏரிகளும் ஓடைகளும் நீல நிறத்தில் இருக்கும். மலைப்பகுதித் தாளில் சம உயரக் கோடுகள் நெருக்கமாக இருந்தால் சரிவு செங்குத்தானது. அந்தக் கோடுகள் மேட்டுப் பக்கம் கூர்ந்து வளைந்தால் அது பள்ளம். மழைத்தண்ணீர் இறங்கும் வழி. 2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டு நிலச்சரிவில் மேலே சரிந்த மண்ணும் பாறையும் ஆற்றுப் பள்ளத்தின் வழியாகவே முண்டக்கை, சூரல்மலை ஆகிய ஊர்களுக்கு இறங்கின. சமவெளியிலும் இதே பாடம் உண்டு. தென்சென்னையின் வெள்ளம் பள்ளிக்கரணைச் சதுப்பில் தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாக வடிய வேண்டும். இதை அறிந்தவர் மனை வாங்குமுன் கேட்கும் கேள்விகளே வேறு.

நம்பிக்கை 3: அறிவியல் வராதவர்களுக்கான பாடம் இது.

உண்மை: எங்கே என்று பார்த்து ஏன் என்று கண்டறிவதும் அறிவியல்தான். 1854-இல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது, ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் இறப்புகளை வீடுவீடாக வரைபடத்தில் குறித்தார். பிராட் தெருவின் தண்ணீர்ப் பம்பைச் சுற்றியே அவை குவிந்திருந்தன. காலரா கெட்ட காற்றால் வருகிறது என்று பலரும் நம்பிய காலத்தில், குடிநீரைச் சந்தேகிக்க வலுவான சான்றாக நின்றது அந்த வரைபடம்.

நம்பிக்கை 4: படித்தால் வேலை கிடைக்காது.

உண்மை: செயற்கைக்கோள் படங்களை ஆராய்வது, புவித்தகவல் அமைப்பு, நகரத் திட்டமிடல், நீர்வளம், பேரிடர் மேலாண்மை ஆகிய துறைகளுக்குப் புவியியல் அடிப்படை. ஐ.ஏ.எஸ். தேர்விலும் டி.என்.பி.எஸ்.சி. தேர்விலும் அதற்கு நிலையான இடம் உண்டு. பட்டம் மட்டும் போதாது, மென்பொருள் பயிற்சியும் வேண்டும் என்பது உண்மைதான். அது இன்று எந்தப் பட்டத்துக்கும் பொருந்தும்.

நம்பிக்கை 5: பரீட்சை முடிந்தால் வாழ்க்கைக்கு உதவாது.

உண்மை: 2004 டிசம்பர் 26 காலை, தாய்லாந்தின் புக்கெட் தீவில் மைக்காவ் கடற்கரையில் பெற்றோருடன் நடந்துகொண்டிருந்தாள் டில்லி ஸ்மித் என்ற 10 வயது ஆங்கிலேயச் சிறுமி. கடல் நுரைத்தது. அலைகள் வழக்கம்போல் வந்து திரும்பாமல், மேலும் மேலும் கரையேறிக்கொண்டே இருந்தன. இரண்டு வாரங்களுக்கு முன் புவியியல் வகுப்பில் ஆசிரியர் சொன்ன சுனாமியின் அறிகுறிகள் அவளுக்கு நினைவு வந்தன. கத்தினாள். முதலில் தயங்கிய பெற்றோர் பிறகு நம்பி விடுதிக் காவலரிடம் சொல்ல, கடற்கரை காலி செய்யப்பட்டது. ஏறத்தாழ 100 பேர் பிழைத்தார்கள்.

அதே காலை, சுமத்ராவில் பூமி அதிர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் கழித்தே அலைகள் தமிழகக் கரையைத் தொட்டன. இந்தியப் பெருங்கடலுக்கு அன்று சுனாமி எச்சரிக்கை மையம் இல்லை. ஹைதராபாத்தில் அப்படியொரு மையம் வந்தது 2007-இல். மகாபலிபுரத்தில் கடல் உள்வாங்கியதைப் பலர் கண்டார்கள். அது ஆபத்தின் அறிகுறி என்று சொல்ல அருகில் ஆளில்லை. தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 பேரை இழந்தோம். இன்று எச்சரிக்கை மையம் இருக்கிறது. ஆனாலும் அது அனுப்பும் செய்தியைப் புரிந்துகொண்டு, எந்தப் பக்கம் மேடு என்று அறிந்து ஓட வேண்டியவர்கள் கரையில் இருப்பவர்கள்தான்.

தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: புவியியல் பீரியடை எந்தப் பாடத்துக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். உங்கள் ஊர் அடங்கிய நில அளவைத் தாளை வகுப்பில் மாட்டி, மழைத்தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பெற்றோரே, இந்தப் பாடத்தை விரும்பும் பிள்ளையைத் தடுக்காதீர்கள். வெள்ளமும் வறட்சியும் மாறிமாறி வரும் மாநிலத்தில், தான் நிற்கும் நிலத்தை அறிந்த தலைமுறை நமக்கு அவசியம் வேண்டும்.