மலைநாட்டு வெள்ளமும் மனை காக்கும் முறையும்

வெள்ளம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது பரந்த வயல்வெளியும், அதன்மேல் மெல்ல மெல்ல ஏறிவரும் நீருமே. வகுப்பறையில் நாம் கற்பிக்கும் வெள்ளமும் பெரும்பாலும் அதுவே. களனி கங்கையின் கீழ்க்கரையில் வாழ்வோனுக்கு அவ்வெள்ளம் சிறிது தவணை தந்து வருகின்றது. அவன் பெட்டி படுக்கைகளை முதலில் மேசைமேல் ஏற்றலாம். பின்னர்ப் பரணில் ஏற்றலாம். அதன்பின் தானும் ஏறிக்கொள்ளலாம். மாத்தளை மாவட்டத்தில் வாழும் நமக்கோ அத்தகைய தவணை கிடைப்பது அரிது. நக்கிள்ஸ் மலைச்சாரலில் நள்ளிரவிற் பெய்யும் பெருமழை, விடியுமுன் ஓடைகளை நிறைத்து, மண்ணையும் கல்லையும் மரத்தையும் உருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுகின்றது. ஆகவே நம் மாவட்டத்தில் வீட்டை வெள்ளத்துக்கு ஆயத்தஞ் செய்தல் என்பது, பெரும்பாலும், வீட்டைவிட்டு வெளியேறுவதற்கு ஆயத்தஞ் செய்தலேயாகும். இக்கட்டுரையிற் கூறப்புகுந்தது இவ்வொன்றே.

2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் வந்த டித்வா சூறாவளியை நம்முள் மறந்தவர் எவருமிலர். இலங்கை முழுவதிலும் 600க்கு மேற்பட்ட உயிர்கள் மாண்டன. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களோடு நம் மாவட்டமும் பெருந் துன்பமுற்றது. அந்நாட்களில் இருபத்துநான்கு மணி நேரத்துள் 540 மில்லிமீற்றர் அளவான மழை பதிவாயிற்று. பதிவான இடம் நம் கம்மடுவையே. 540 மில்லிமீற்றர் என்பது செவிக்குச் சிறிய எண்போலத் தோன்றும். மாணவர் இதனைக் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அஃது ஒரு லீற்றர் நீராகும். ஐம்பது சதுர மீற்றர் பரப்புள்ள ஒரு கூரையின்மேல் அன்று விழுந்த நீர் 27,000 லீற்றர், அதாவது இருபத்தேழு தொன். ஓர் ஏக்கர் மலைச்சரிவில் விழுந்ததோ ஏறத்தாழ இருபத்திரண்டு இலட்சம் லீற்றர். அத்தனை நீரையும் தேயிலை மலையின் கான்கள் எவ்வாறு தாங்கும்?

மழை எவ்வளவு பெய்தால் அஞ்சவேண்டும் என்பதற்கும் கணக்குண்டு. மண்சரிவை ஆராயும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று படிகளை வகுத்துள்ளது. இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருத்தல் வேண்டும். 100 மில்லிமீற்றர் ஆயின் புறப்பட ஆயத்தமாதல் வேண்டும். 150 மில்லிமீற்றர் ஆயினும், ஒரு மணி நேரத்துள்ளேயே 75 மில்லிமீற்றர் ஆயினும், அபாயமான சரிவுகளில் உள்ளோர் உடனே வெளியேறுதல் வேண்டும். கம்மடுவையிற் பெய்தது இம் மூன்றாம் படியின் மும்மடங்கினும் மிகுதி என்பதை நோக்குக.

இவ்வளவை அறிய அரசினர் கருவி வேண்டுவதில்லை. வாயும் அடியும் ஒரே அகலமான ஒரு சாண் உயரப் பேணி ஒன்று போதும். வாளி கூடாது, அதன் வாய் அகன்றும் அடி ஒடுங்கியும் இருத்தலால் அளவு பிழைபடும். பேணியை மரத்தடியிலும் கூரையோரத்திலும் வையாது, வெளியான இடத்தில், மண் தெறியாவண்ணம் மூன்றடி உயரத்தில் நிறுத்துக. ஒரு குச்சியில் அடிமட்டங்கொண்டு 75, 100, 150 என மூன்று கோடுகள் கீறிவைத்து, நாள்தோறும் காலையில் ஒரே நேரத்தில் அளந்து, நீரை ஊற்றிவிடுக. இரவிலே அடைமழை பெய்யுமாயின் ஒருவர் டோர்ச் விளக்கோடு சென்று இரண்டு மணிக்கொருமுறை குச்சியை விட்டுப் பார்த்தல் வேண்டும். பத்து வயதுப் பிள்ளை இதனைச் செய்யும்; நம் பாடசாலைப் பிள்ளைகள் சிலர் செய்தும் வருகின்றனர்.

மழையளவு ஒருபுறமிருக்க, மலை தானே சில செய்திகளைச் சொல்கின்றது. நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்புக் காணல், நேற்றுவரை எளிதில் திறந்த கதவு இறுகிப்போதல், கம்பமும் மரமும் சாய்தல், ஊற்றில்லாத இடத்தில் நீர் கசிதல், தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்குதல் என்பன அவை. இவற்றுள் மக்கள் தவறாகப் பொருள் கொள்வது ஒன்றுண்டு. அடைமழை பெய்துகொண்டிருக்கும்போதே ஓடையின் நீர் திடீரெனக் குறையுமாயின், வெள்ளம் வடிகின்றதென மகிழ்வோர் பலர். உண்மையோ நேர்மாறு. மேலே எங்கோ மண் சரிந்து ஓடையை அடைத்திருக்கக்கூடும். அவ்வடைப்பு உடையும்போது வருவது நீர்மட்டுமன்று. அந்நேரத்தில் ஓடைக்கரையில் நிற்றல் ஆகாது.

சுது கங்கைக் கரையில் வாழும் நகரத்தார் இன்னொன்றையும் நினைவிற் கொள்ளல் நன்று. 1976ஆம் ஆண்டு முதலாகப் பொல்கொல்லையிற் றிருப்பப்பட்ட மகாவலி நீர், மலையைக் குடைந்த சுரங்கவழியாக உக்குவளை மின்நிலையத்தை அடைந்து, சுது கங்கையிற் கலக்கின்றது. நம் ஊர் ஆற்றிலே அடுத்த ஊர் நீரும் ஓடுகின்றது. மாத்தளையில் வெயில் எறிக்கின்றதென்று ஆற்றில் இறங்குவோர் இதனை அறியார்.

இனி, தமிழாசிரியன் என்ற முறையில் ஒரு சொல். எச்சரிக்கை எவ்வளவு விரைவில் வந்தாலும், கேட்பவருக்கு விளங்கும் மொழியில் வராவிடின் அது வெறும் ஒலியே. எச்சரிக்கை தமிழிலும் வருதல் வேண்டுமென்று கேட்பது நம் உரிமை, கேட்டுக்கொண்டேயிருப்போம். அதுவரையில், ஒலிபெருக்கி பூட்டிய வண்டி நள்ளிரவில் சிங்களத்தில் மட்டும் கூவிச் செல்லுமாயின் நாம் விழித்துக்கொள்ள வேண்டாமா? ‘கங்வத்துர’ என்பது வெள்ளம். ‘நாயயாம’ என்பது மண்சரிவு. ‘இவத் வன்ன’ என்பது அகன்று செல்லுங்கள் என்பது. இம் மூன்று சொற்களையும் வீட்டிலுள்ள பாட்டியும் அறிந்திருத்தல் வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் தொலைபேசி எண் 117; அதனைக் கதவின் உட்புறத்திற் பெரிதாக எழுதிவைக்கலாம்.

அறிந்தும் வெளியேறாதவரைப்பற்றிப் பேசாது விடுதல் நேர்மையாகாது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுட் புதைந்தன. அவ்விடம் அபாயமானதென முன்னரே அடையாளங் காணப்பட்டிருந்தது. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் பிழைத்தனர். அவருட் சிலர் பெற்றோரை இழந்தனர். அம்மக்களை அறியாதவர் எனக் குறைகூறுதல் எளிது. ஆனால் லயத்தைக் கட்டிய இடம் அதில் வாழ்வோர் தெரிந்தெடுத்த இடமன்று. அவர் பாட்டன்மார் காலத்தில் துரைமார் காட்டிய இடம். ‘எழும்பிப் போ’ என்று சொல்வோர், ‘எங்கே போவது’ என்னும் வினாவுக்கு விடை சொல்லாதவிடத்து, மனிதன் தன் கூரையின்கீழேயே இருந்துவிடுகின்றான். நிலையான விடை காணியும் வீடுமே. ஓர் இரவுக்கான விடையையாவது நாமே தேடிக்கொள்ளலாம்.

அவ்விடையை மழை தொடங்குமுன் தீர்மானித்தல் வேண்டும். நம் பகுதியிற் பெருமழை ஒக்டோபரில் தொடங்கித் தை மாதம் வரையிலும் நீளுதலால், புரட்டாதி மாதத்தில் ஒருநாள் மாலை குடும்பத்தார் யாவரும் ஒருங்கே இருந்து பேசுதல் நன்று. போகுமிடம் எது? பாடசாலையா, கோயில் மண்டபமா, மேட்டில் வாழும் உறவினர் வீடா? அங்குப் போகும் வழி ஓடையைக் கடக்கின்றதா? கடக்குமாயின் அது வழியன்று. நடக்கமாட்டாத தாத்தாவைத் தூக்குபவர் யார்? கைக்குழந்தை யார் பொறுப்பு? மாட்டின் கயிற்றை அவிழ்ப்பவர் யார்? கட்டிய மாடு கட்டினபடியே சாகும். எம் வீட்டில் இதனை ஒத்திகை பார்த்தபோது முதன்முறை பதினெட்டு நிமிடம் சென்றது. அதிற் பாதி, வாசற் கதவின் திறப்பைத் தேடுவதிலே கழிந்தது. இப்போது திறப்புக்கென ஓர் ஆணி உண்டு. அதன் அருகே இன்னோர் ஆணியில் ஒரு பை.

அப்பையில் இருக்கவேண்டியவை அதிகமில்லை. அடையாள அட்டைகள், பிறப்பு விவாகச் சான்றிதழ்கள், காணி உறுதி, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பரீட்சைச் சான்றிதழ்கள், கிளினிக் புத்தகம் ஆகியவற்றைப் பொலித்தீன் உறையில் இரட்டையாகச் சுற்றி வைக்குக. சீனி வருத்தத்துக்கும் பிரசருக்கும் உரிய மாத்திரை ஒரு கிழமைக்கு, டோர்ச், சிறிது பணம், கொதித்தாறிய நீர் ஒரு போத்தல், பிசுக்கோத்து, ஒரு மாற்றுடை ஆகியனவும் வேண்டும். பத்திரங்களைக் கைத்தொலைபேசியிற் படம் பிடித்து வெளியூரில் உள்ள உறவினருக்கு அனுப்பிவைத்தலும் செலவில்லாக் காப்பு. நகையை எடுக்கவெனத் திரும்பி உள்ளே நுழைந்தவர் கதை ஊருக்கு ஒன்றுண்டு; ஆதலால் எடுப்பதெல்லாம் அப்பையில் முன்னரே இருத்தல் வேண்டும்.

வீட்டைப்பற்றிச் சொல்லவேண்டியவை சிலவே. மழைக்குமுன் கான்களை வெட்டித் துப்புரவாக்குக. அரிசியை மூடியுள்ள வாளியில் உயர வைக்குக. மண்ணெண்ணெயையும் பூச்சிமருந்தையும் மேற்றட்டில் வைக்குக. அவை நீரிற் கலந்தால் கிணறு கெடும். புறப்படும்போது காஸ் சிலிண்டரைப் பூட்டுக. மெயின் சுவிட்சை நீர் வருமுன் நிறுத்துக. நீரில் நின்றுகொண்டு அதனைத் தொடுதல் ஒருபோதும் ஆகாது.

வெள்ளம் வடிந்தபின் உடனே வீடு புகுதலும் தவறு. மலை காய நாளாகும். அதிகாரிகள் பார்த்துச் சொல்லும்வரை பொறுத்தல் வேண்டும். கிணற்றை இறைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடங் கேட்டுக் குளோரின் இட்டபின்னரும் நீரைக் கொதிக்கவைத்தே குடிக்குக. காலிற் புண்ணுள்ளவர் சேற்றில் இறங்கலாகாது. சேற்றில் வேலை செய்தவருக்குச் சில நாளில் காய்ச்சலும் தசைநோவும் கண்டால் அஃது எலிக்காய்ச்சலாயிருக்கக்கூடும். வீட்டு வைத்தியத்தோடு நில்லாது மருத்துவமனை செல்க.

டித்வாவுக்குப் பின்னர் என்னிடங் கற்ற மாணவனொருவன் தன் சாதாரண தரச் சான்றிதழைச் சேற்றினின்றும் எடுத்து, மடிப்பை விரித்து, உச்சிவெயிலிற் காயவைத்தான். அது மடிப்பிலே நாலாக உடைந்தது. நனைந்த தாளை வெயிலிலிடலாகாது. ஒட்டிய தாள்களை இழுத்துப் பிரிக்கவும் ஆகாது. நல்ல நீரில் மெல்ல அலசி, மை கரையுமாயின் அலசாமலே விட்டு, அச்சிடாத வெள்ளைத் தாள்களுக்கிடையே வைத்து, நிழலிற் காற்றாட விடுக. தாள்களை நாளுக்கு இருமுறை மாற்றுக. உடைந்துபோன சான்றிதழுக்குப் பரீட்சைத் திணைக்களத்திலும், பிறப்புச் சான்றிதழுக்குப் பிரதேச செயலகத்திலும் பிரதி பெறலாம். விண்ணப்பம் எழுதத் தெரியாதவர் கல்லூரிக்கு வரலாம்; பாடசாலை நாட்களில் பிற்பகல் இரண்டு மணிக்குமேல் நான் ஆசிரியர் அறையில் இருப்பேன்.