அரிச்சல்முனை வரை நடக்க ஏற்ற செருப்பு எது?

தனுஷ்கோடியிலிருந்து அரிச்சல்முனைக்குச் செல்லும் தார்ச்சாலை 2017இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் மணலில் வேனில் குலுங்கியோ நடந்தோ சென்று பார்த்த நிலமுனையை இப்போது எல்லா வயதினரும் எளிதில் அடைகின்றனர். வண்டியை விட்டு இறங்கியதும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடப்பது நம் மக்களின் வழக்கம். நீரிழிவு நோயுள்ளவர்கள் அவ்வாறு நடக்கலாகாது என்பதை இக்கட்டுரையின் தொடக்கத்திலேயே கூறிவிடுகிறோம். கோடை நண்பகலில் வெயில் காய்ந்த மணலும் தாரும் 50 டிகிரி செல்சியசைத் தாண்டுவதுண்டு. அந்தச் சூட்டில் தோல் வெந்துபோகச் சில நிமிடங்களே போதும். ஒதுங்க அங்கே மரநிழலும் இல்லை.

சூடு பட்டவுடன் காலைத் தூக்கச் செய்வது வலி. பல ஆண்டுகள் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்குப் பாத நரம்புகள் பழுதடைந்து அந்த வலி மங்கிவிடுகிறது. "எனக்குக் காலில் ஒரு தொந்தரவும் இல்லை, டாக்டர்" என்று கூறுபவரின் உள்ளங்காலில் பாதிக் காசு அளவுக்குக் கொப்புளம் இருப்பதை நாங்கள் காண்கிறோம். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

இதனைத் தெளிவாக விளக்கியது நம் மாநிலத்தில் நடந்த பணியே. 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் பாதங்களை ஆராய்ந்தார். சதை தானாக அழுகி உதிர்வதில்லை. வலி அறியாமல் திரும்பத் திரும்ப ஏற்படும் காயமும் அழுத்தமுமே பாதத்தை அழிக்கின்றன என்பது அவர் கண்ட முடிவு. எனவே மருந்தோடு தகுந்த செருப்பும் சிகிச்சையின் பகுதியாயிற்று. 1966இல் அவர் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்ற பின்னர், அதே அறிவு நீரிழிவுப் பாதங்களுக்கும் பயன்பட்டது. இன்று 'எம்.சி.ஆர். செருப்பு' என்று நாங்கள் எழுதிக் கொடுப்பது அந்த வழியில் வந்ததே. நுண்ணிய காற்றறைகள் கொண்ட மென்மையான அந்த ரப்பர், உடல் எடையைப் பாதம் முழுவதும் பரப்பிவிடுகிறது.

ஆனால் இராமநாதபுரம் மாவட்டத்தில் மென்மை மட்டும் போதாது. இங்கு எங்கும் சீமைக் கருவேலம். அதன் முள் மென்ரப்பரை எளிதில் துளைத்து உள்ளங்காலை எட்டிவிடும். ஆகவே மேலே மென்ரப்பரும் அடியில் டயர் போன்ற கடின ரப்பரும் உள்ள செருப்பையே கேட்டு வாங்குங்கள். கட்டைவிரலால் அடிப்பாகத்தை அழுத்தினால் குழி விழக்கூடாது. உள்பக்கத்தை அழுத்தினால் சற்றே அமுங்க வேண்டும். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே பிடிக்கும் ஹவாய் செருப்பு வேண்டாம். அந்தப் பிடி விரலிடுக்கைப் புண்ணாக்கும்; உணர்ச்சி குறைந்த காலிலிருந்து செருப்பு நழுவினாலும் தெரியாது. குதிகாலைப் பின்னாலிருந்து பிடிக்கும் வாரும், தளர்த்தி இறுக்க வெல்க்ரோ பட்டையும் இருத்தல் நலம். நாள் முழுவதும் நின்று நடந்த பாதம் சிறிது வீங்கியிருக்கும் என்பதால் மாலையில் கடைக்குச் செல்லுங்கள். உங்கள் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து, அத்தாளைச் செருப்பின்மேல் வைத்துப் பாருங்கள். கோடு எங்கும் வெளியே தெரியக்கூடாது. "போடப் போட இளகிவிடும்" என்று கடைக்காரர் கூறுவதை ஏற்காதீர்கள். உணர்ச்சியற்ற கால் இளகுவதற்குள் புண்ணாகிவிடும்.

வளைகுடாவிலிருந்து மகன் அனுப்பிய விலையுயர்ந்த மலையேற்றக் காலணியை அணிந்து வருவோரும் உண்டு. கணுக்காலை இறுகப் பிடிக்கும் அக்காலணி கரடுமுரடான மலைச்சரிவுக்கு உரியது. நம் கடற்கரையின் புழுக்கத்தில் அதனுள் வியர்வை தேங்கித் தோல் ஊறும். புகுந்த மணல் உப்புத்தாள்போல் தேய்க்கும். மகனின் அன்பைக் குறை கூறவில்லை. ஊட்டிக்குச் செல்லும்போது அணியலாம். எந்தப் புதுக் காலணியானாலும் முதல் நாள் அரைமணி நேரம் மட்டும் வீட்டில் அணிந்து, கழற்றிச் சிவந்த தடம் உண்டா என்று பாருங்கள். யாத்திரை நாளன்று புதுச் செருப்பு கூடாது.

பாசி எடுக்கும் இத்தீவுப் பெண்களைக் கவனித்திருப்பீர்கள். விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி அணிந்து, பாறையின் கூர்மைக்காக ரப்பர் செருப்புடன் அவர்கள் கடலில் இறங்குகின்றனர். இடமறிந்து பொருள் தேர்வது அதுவே. அக்னி தீர்த்தத்திலோ வேறு கரையிலோ இறங்கும் நோயாளிகள் வாருள்ள ரப்பர் செருப்பை நீரிலும் கழற்றாதீர்கள். திருக்கை குத்திவிட்டால் பொறுக்கத்தக்க வெந்நீரில் காலை வைப்பது முதலுதவி. ஆனால் வெந்நீரின் சூட்டை நோயாளி அல்ல, உடன் வந்தவர் தம் கையால் பார்க்க வேண்டும்.

கோயிலுக்குள் வெறுங்கால் தவிர்க்க இயலாதது. வெயில் ஏறுமுன் செல்லுங்கள். இருபத்திரண்டு தீர்த்தங்களும் ஆடிய பின் விரலிடுக்குகளை உலர்ந்த துண்டால் துடைக்க வேண்டும். இதற்கெனச் சிறு துண்டு ஒன்று பையில் இருக்கட்டும்.

இன்சுலின் போடுபவர்க்கு இன்னொரு கவலை. வெயிலில் நிற்கும் காருக்குள் மருந்து கெட்டுவிடும். பனிக்கட்டியைத் தொட்டவாறு வைத்து உறைந்தாலும் கெடும். உருகிய பின் பயன்படுத்தக்கூடாது. ஈரப்பையில் வைக்கும் முறை உள்நாட்டு வறண்ட காற்றில் நன்கு குளிர்விக்கும். கடலோரக் காற்றில் ஈரம் மிகுதியாதலால் அத்தனை பயன் தராது. வாயகன்ற தெர்மாஸ் குடுவையை முதலில் குளிர்நீரால் குளிர்வித்து, நீரைக் கொட்டித் துடைத்து, துணியில் சுற்றிய மருந்தை அதனுள் வையுங்கள். குளுக்கோஸ் மட்டும் குடுவையில் அல்ல, சட்டைப்பையில் இருக்க வேண்டும். தண்ணீரும் அகன்ற விளிம்புத் தொப்பியும் அனைவருக்கும் பொது. இதய, சிறுநீரக நோயாளிகள் நீரின் அளவைத் தம் மருத்துவரிடம் கேட்டறிக.

படகில் ஏறுவோர் மிதவை அங்கியின் கொக்கிகள் எல்லாவற்றையும் பூட்டிய பின், தோள்பட்டையைப் பிறரைக் கொண்டு மேலே தூக்கச் சொல்லுங்கள். அங்கி காதுவரை ஏறினால் அளவு பெரிது, வேறொன்று கேளுங்கள்.

வீடு திரும்பிய இரவு உள்ளங்காலைக் கண்ணாடி வைத்தோ வீட்டிலுள்ளோரைக் கொண்டோ பார்க்க வேண்டும். கொப்புளம் இருந்தால் ஊசியால் குத்தாதீர்கள், மஞ்சள் அரைத்துப் பூசாதீர்கள். சுத்தமான துணியால் மூடி, அடுத்த நாள் காலையிலேயே வாருங்கள். வலி இல்லை என்பதற்காக நாள் தள்ள வேண்டாம். இவ்வளவும் உங்களுக்குத் தேவையா என அறிய, நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் சோதனை உள்ளது. சில நிமிடங்களில் முடியும். பயணத்துக்கு முந்தைய வருகையில் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.