முதியோர் உணவும் தசை வலிமையும்

வயது ஏற ஏறத் தசை குறைகிறது. முதியவர் எழுந்து நிற்கத் தூணைப் பற்றுவதும், கால் தடுக்கி விழுவதும் இதனாலும் நேரலாம்.

“வயதானவருக்குக் கஞ்சியே போதும்” என்னும் எண்ணம் சரியன்று. உண்ட புரதத்தைத் தசையாக்கும் திறன் முதுமையில் குறைவதால், அவர்களுக்குப் புரதம் கூடுதலாகவே வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை என்பது வல்லுநர் கருத்து. 50 கிலோ எடையுள்ளவருக்கு இது 50 முதல் 60 கிராம் ஆகும்.

250 கிராம் அரிசி அல்லது ராகியில் ஏறத்தாழ 18 கிராம் புரதம் உண்டு. 50 கிராம் பருப்பில் 11, அரை லிட்டர் பாலில் 16, ஒரு முட்டையில் 6, ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7 கிராம் கிடைக்கும். இவற்றை ஒரே வேளையில் அளிக்காது மூன்று வேளைக்கும் பகிர்ந்தளித்தல் நலம். பல் இல்லாதோருக்குப் பயற்றைக் குழைய வேகவைத்தும், கடலையை இடித்தும் கொடுக்கலாம்.

உணவு மட்டும் போதாது. நடையும், நாற்காலியிலிருந்து பலமுறை எழுந்து அமர்தலும் தசைக்கு வலுவூட்டும். சிறுநீரக நோயுள்ளோர் மருத்துவரைக் கேட்டே புரதத்தைக் கூட்ட வேண்டும்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் கிராம சபையில் இதனை எடுத்துரைப்பார்களாக. தனித்து வாழும் முதியோரின் அடுப்பில் பருப்பு வேகிறதா என்று கேட்டறிவதும் ஊர்ப்பணியே.