மின்சாரமும் முடங்கிய தசையும்

உணர்விழந்த கால்களில் மின்சாரத்தைப் பாய்ச்சினால் அவை நாளடைவில் உயிர் பெற்று எழுந்துவிடும் என்று ஒரு சாராரும், தசைகளை யந்திரமே இயக்கிவிடுவதால் மாற்றுத்திறன் படைத்த விளையாட்டு வீரர் சும்மா சாய்ந்திருந்தாலே தேகபலம் கூடிவிடும் என்று மற்றொரு சாராரும் நம்பி வருகிறார்கள். இரண்டும் விளம்பரங்கள் ஊட்டி வளர்த்த நம்பிக்கைகளே. ஆயினும் அடியில் துளி உண்மை கிடப்பதால்தான் இவை இவ்வளவு சுலபமாகப் பரவுகின்றன.

அந்தத் துளி உண்மையை 2016 அக்டோபர் 8ஆம் தேதி ஸ்விட்சர்லாந்தில், ஸூரிச்சை அடுத்த க்ளோட்டன் நகரில், மாற்றுத்திறனாளிகள் துணைக்கருவிகளோடு பங்கேற்கும் சைபத்லான் போட்டியில் கண்ணாரக் காண முடிந்தது. தண்டுவடம் பழுதுபட்டு, கால் விரலைக்கூட அசைக்க மாட்டாத நிலையிலிருந்தவர்கள், தம் தொடைத் தசைகளையும் பிருஷ்டத் தசைகளையும் மின்துடிப்பால் அடுத்தடுத்துச் சுருங்கச் செய்து, சாய்வு மிதிவண்டிகளைத் தம் கால்களாலேயே மிதித்துச் சென்றார்கள். மிதிகட்டை எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதைக் கவனித்து, எந்தத் தசைக்கு எந்தக் கணத்தில் துடிப்பை அனுப்புவது என்று ஒரு சிறு கருவி நிர்ணயிக்கும். முன்தொடை புடைத்து எழ, முழங்கால் நீள, மிதிகட்டை இறங்கும். 750 மீட்டர் தூரத்தை 2 நிமிஷம் 58 விநாடியில் கடந்து முதலாவதாக வந்தவர் அமெரிக்கரான மார்க் மூன். அவருடைய மின்வாய்கள் தோலின்மீது ஒட்டப்பட்டவை அல்ல, சத்திரசிகிச்சை மூலம் உள்ளே பதிக்கப்பட்டவை.

அற்புதம்தான், சந்தேகமில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த வேகம் மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர். கடைத்தெருவுக்கு சைக்கிளில் போகிறவருக்குச் சாதாரணமான வேகம். விசையை நிறுத்தியதும் கால்கள் பழைய நிலைக்கே திரும்பிவிடும். முதுகில் அறுபட்ட நரம்பு வழியை இந்த யந்திரம் செப்பனிடுவதில்லை. அந்த வழியைச் சுற்றிக்கொண்டு, அதற்குக் கீழே இன்னும் ஜீவனோடிருக்கும் நரம்பைத் தட்டி எழுப்புகிறது, அவ்வளவே.

சும்மா இருந்து சுகம் பெறலாம் என்ற எண்ணமும் இதே இடத்தில் அடிபட்டுப் போகிறது. நாம் மனத்தால் ஒரு தசையை இயக்கும்போது, தேர் வடம் பிடிப்போர் களைத்தவர் விலகப் புதியவர் கைகொடுத்து மாறிமாறி இழுப்பதுபோல, சிறு நார்கள் முதலிலும் பெரியவை பின்னருமாக முறை வைத்து உழைக்கின்றன. மின்சாரமோ தன் கைக்கு எட்டிய நார்களையே திரும்பத் திரும்ப, எல்லாவற்றையும் ஒரே கணத்தில், இழுக்க வைக்கிறது. ஆகையால் களைப்பு வெகு சீக்கிரம் வந்துவிடும். இப்படி மிதிக்கும் முடங்கிய கால்களிலிருந்து கிடைப்பது பெரும்பாலும் 10, 20 வாட் சக்திதான். அதை நீடிக்கச் செய்வதற்கே மாதக்கணக்கான, சலிப்பூட்டும் அப்பியாசம் தேவைப்படுகிறது. 1970களில் சோவியத் நாட்டு ஆராய்ச்சியாளர் யாக்கோவ் கோட்ஸ், ஆரோக்கியமான வீரர்களின் பலம் மின்சாரத்தால் 40 சதவிகிதம் வரை கூடியதாகச் சொன்ன கதையை விற்பனையாளர்கள் இன்றும் எடுத்து வீசுகிறார்கள். பிற நாடுகளின் பெரும்பாலான சோதனைகளில் அந்த அளவு வளர்ச்சி கைகூடவில்லை.

இவற்றைக் காட்டிலும் பொருள்நஷ்டம் விளைவிப்பது, எல்லா ஊனத்துக்கும் ஒரே யந்திரம் என்ற நம்பிக்கை. இக்கருவிகளின் துடிப்பு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நீடிப்பதில்லை. அது தசையை நேராகத் தொடாமல், தசைக்குச் செல்லும் நரம்பைத்தான் தூண்டுகிறது. தண்டுவடத்தின் மேற்பகுதியில் காயம்பட்டவருக்கு அந்த நரம்பு பிழைத்திருக்கிறது. போலியோவோ, தண்டுவடத்திலுள்ள இயக்க நரம்பணுக்களையே அழித்துவிடும் வியாதி. அழிந்த அணுவை நம்பியிருந்த தசைநாருக்குச் சேதி கொண்டுபோக யாருமில்லை. எஞ்சிய அணுக்கள் உள்ள இடத்தில் கொஞ்சம் அசைவு தெரியலாம். முற்றிலும் நரம்பிழந்த தசையைச் சுருக்க வேண்டுமானால், பன்மடங்கு நீண்ட துடிப்பைத் தரும் வேறு வகை யந்திரமும் வைத்தியரின் மேற்பார்வையும் வேண்டும். வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி யந்திரத்தின் விலையல்ல, நரம்பு எங்கே அறுந்திருக்கிறது என்பதுதான்.

இனி, உணர்ச்சியே இல்லாத காலுக்கு என்ன தீங்கு வந்துவிடும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். உணர்ச்சியில்லாததே தீங்கின் மூலகாரணம். மின்வாயின் ஜெல் காய்ந்து ஒட்டுப்பட்டையின் ஒரு மூலை மட்டும் தோலைத் தொடும்போது, எரிச்சல் தெரியாமலே தோல் வெந்துபோகும். வருஷக்கணக்கில் பாரம் தாங்காமல் உளுத்த முழங்காலெலும்பு, திடீரென்று வலுவாகச் சுருங்கும் தசையால் முறியவும் கூடும். ஆறாவது மார்பு முள்ளெலும்பின் மட்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடம் பழுதானவர்களுக்கு இன்னொரு விபரீதமும் காத்திருக்கிறது. காயத்துக்குக் கீழே எழும் பலமான தூண்டுதல், அது மின்சாரமானாலும் நிரம்பிய மூத்திரப்பையானாலும், இரத்த அழுத்தத்தைக் கட்டுக்கடங்காமல் ஏற்றிவிடும். தலை வெடிக்கும்போல் வலிக்கும், முகம் சிவந்து வேர்க்கும். அப்போது முதற்காரியம் மின்சாரத்தை நிறுத்தி, நிமிர்த்தி உட்காரவைத்து, வார்களைத் தளர்த்தி, மூத்திரக் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்ப்பது.

இந்த அபாயத்தையே ஊக்கமருந்துபோல் பயன்படுத்தி, வேண்டுமென்றே தம்மை வருத்திக்கொண்டு அழுத்தத்தை ஏற்றிப் பந்தயத்துக்கு வந்த சக்கரநாற்காலி வீரர்களும் உண்டு. சர்வதேச பாராலிம்பிக் கமிட்டி இதைத் தடைசெய்து, போட்டிக்கு முன் அழுத்தத்தை அளந்து, மிகுந்திருந்தால் சற்றுப் பொறுத்து மறுபடியும் அளந்து, அப்போதும் இறங்காதவரை விலக்கிவிடுகிறது. விற்பனைக்காரர் பேச்சில் இந்த அத்தியாயம் மட்டும் இடம்பெறக் காணோம்.