பயிற்சிக் களத்துப் பகைவன்

மற்போர் பயில்வோனுக்கு எதிர்நின்று பிடிக்க ஓர் ஆள் வேண்டும். வான்போர் பயில்வோனுக்கும் அவ்வாறே. ஆனால், மெய்யான விமானங்களைக் கொண்டு ஓயாது பயிற்றுதல் பெரும்பொருளை விழுங்கும். சிறு பிழையும் உயிரைக் கொள்ளும். ஆதலின், தரையிலேயே பறத்தலைப் பயிற்றும் பொறிகள் தோன்றின. அமெரிக்கராகிய எட்வின் லிங்க் என்பார் 1929ஆம் ஆண்டில் அத்தகைய பொறியொன்றை அமைத்தார். அவர் குடும்பத் தொழில் ஆர்கன் என்னும் இசைக்கருவி செய்தலாம். அக்கருவிக்குக் காற்றூட்டிய துருத்திகளே இப்பொறியையும் அசைத்தன என்பது வியப்பன்றோ!

பறக்கக் கற்க அது போதும். போரிடக் கற்கப் பகைவன் வேண்டுமே! தேர்ந்த விமானிகளையே பகைவராக அமர்த்தின், மாணவர் தொகைக்கேற்ப வல்லுநர் பலர் வேண்டும். எனவே, கணிப்பொறியைப் பகைவனாக்க முயன்றனர். வகுத்த வழியே செல்லும் பொம்மைப் பகைவனால் பயன் சிறிது. அதன் போக்கை மாணவன் விரைவில் அறிந்துகொள்வான். பின்னர் அவன் கற்பது போரன்று, பொம்மையின் குணமே.

இக்குறையை நீக்க, மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 1990களில் 'டாக்ஏர்-சோர்' என்னும் நிரலை ஆக்கினர். விமானிகளின் போரறிவு ஐயாயிரத்திற்கு மேற்பட்ட விதிகளாக அதில் எழுதப்பெற்றது. மெய்யான விமானியைப் போலவே, தன் ரேடார் முதலிய கருவிகள் காட்டுவதைக் கொண்டே அது முடிவு செய்யும். 1997 அக்டோபரில் 48 மணி நேரம் நிகழ்ந்த போர் ஒத்திகையில் நூற்றுக்கணக்கான பறப்புகளை அஃது ஏற்று நடத்தியது.

2020 ஆகஸ்டில் 'டார்ப்பா' எனப்படும் அமெரிக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய போட்டியில் எட்டுக் குழுக்களின் நிரல்கள் பொருதன. அவற்றுள் வென்ற ஹெரான் சிஸ்டம்ஸ் குழுவின் நிரல், தேர்ந்த எஃப்-16 விமானி ஒருவரை ஐந்து ஆட்டங்களிலும் வீழ்த்தியது. எண்ணிறந்த முறை தோற்றும் வென்றும் தானே கற்ற நிரல் அது. ஆயினும், இவ்வெற்றியை நிறுத்துப் பார்த்தல் வேண்டும். எதிரியின் இருப்பிடமும் விரைவும் நிரலுக்கு ஐயமறத் தெரிவிக்கப்பட்டன. அன்றியும், அது நேருக்கு நேர் பாய்ந்து பீரங்கியால் சுட்டது. மோதல் நேருமென்று மெய்ப்பயிற்சியில் விலக்கப்பட்ட செயல் அது. உயிரச்சம் அறியாத நிரலுக்கு அவ்விலக்கு ஏது? இத்தகைய பகைவனிடம் மட்டுமே பயில்பவன், களத்தில் தான் காணாத ஒருவனுக்காகவே ஆயத்தமாவான்.

நிரலை மெய்வானில் ஆராய்தலும் தொடங்கியது. எக்ஸ்-62ஏ என்னும் விமானத்தை 2022 டிசம்பரில் இத்தகைய நிரல்கள் செலுத்தின. 2023 செப்டம்பரில், கலிபோர்னியாவில் உள்ள எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில், மனிதர் ஓட்டிய எஃப்-16 விமானத்தோடு அது வான்போர்ப் பயிற்சி செய்தது. இரண்டும் மணிக்கு 1,200 மைல் விரைவில், 2,000 அடி இடைவெளி வரை நெருங்கின. இம்முறை பாதுகாப்பு விதிகளும் நிரலைக் கட்டுப்படுத்தின. இடர் நேரின் விமானத்தைத் தம் கையில் ஏற்க, உள்ளே விமானிகள் அமர்ந்திருந்தனர். அவ்வான்போரில் அவர்கள் அவ்வாறு ஏற்க நேரவில்லை.